பாலக்கோட்டில் ஐந்து, சென்னையில் இரண்டரை: ஓட்டுப் போடும் சேவைக்கு என் மதிப்பீடு

2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. மாநிலத்திலேயே அதிகமாக ஓட்டு விழுந்த தொகுதி தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு. அங்கே 87.33 சதவீதம். கடைசி இடம் சென்னையின் வில்லிவாக்கத்துக்கு, 55.52. மாவட்டமாகப் பார்த்தால் கரூர் 83.92, சென்னை 59.06. மாநிலம் முழுமைக்கும் 72.78.

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் இந்தக் கணக்கு வெளிவரும். கூடவே ஒரு பேச்சும் வரும்: "சென்னைக்காரனுக்கு லீவு கிடைச்சாப் போதும், மகாபலிபுரம் கிளம்பிடுவான்." தொலைக்காட்சியில் சொல்வார்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் பிறந்தது பாலக்கோட்டை ஒட்டிய கிராமம். கல்யாணத்துக்குப் பிறகு முழுக்கச் சென்னை வாசம், அதுவும் வாடகை வீடுகளில். இரண்டு இடத்து ஜனங்களையும் அறிவேன். ஊர்க்காரர்களுக்குப் பொறுப்பு அதிகம், சென்னைக்காரர்களுக்குக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. இரண்டு இடத்திலும் கிடைக்கிற சேவை வேறு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ரேஷன் கடையையும் அரசு ஆஸ்பத்திரியையும் மதிப்பிடுகிற நாம், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வாசல் வரை வரவேண்டிய இந்தச் சேவையையும் மதிப்பிடலாம், மதிப்பிடவும் வேண்டும்.

முதலில் ஊர்.

2021இல் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் போய், கட்டிலிலிருந்து எழுந்து திண்ணைக்கு வருவதே பெரிய வேலை. அந்தத் தேர்தலில்தான் தமிழ்நாட்டில் 80 வயதைக் கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று வந்தது. அதற்கான விண்ணப்பம் 12டி படிவம். அதை யாரும் தேடிப் போகவில்லை. எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர்தான் வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வாக்குச்சாவடி நிலை அலுவலர். அவரே படிவத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு வராம போடுற ஓட்டு செல்லுமா கண்ணு?"

"செல்லும் ஆயா. இதுல கையெழுத்து போட்டா பூத்ல உங்க பேருக்கு நேரா குறிச்சு வெச்சிருவாங்க. அப்புறம் அங்க போய் போட முடியாது. ரெண்டுல ஒண்ணுதான், நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அந்த டீச்சருக்கு முழு மதிப்பெண் போடுவேன். 12டி கொடுத்துவிட்டால் அன்றைக்குச் சாவடிக்குப் போனாலும் ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினால், "பேரன் வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்னான்" என்று வாக்குப்பதிவு நாளில் சாவடி வாசலில் நின்று அழவேண்டி வரும். அம்மா ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு குழு வந்தது. எந்த நாள், ஏறக்குறைய எந்த நேரம் என்று முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்ததால் நானும் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்திருந்தேன். இரண்டு தேர்தல் அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒரு பையன். கட்சிக்காரர்கள் சார்பில் இரண்டு பேர் வேலிப் படலுக்கு வெளியே நின்றார்கள். அதில் ஒருவர் எங்கள் சித்தப்பா மகன், ஆனாலும் உள்ளே வரவில்லை. வரவிடவும் இல்லை.

திண்ணையில் அட்டை மறைப்பை மூன்று பக்கமும் நிறுத்தினார்கள். சாவடியில் இயந்திரத்தைச் சுற்றி வைப்பதுபோலவே, கொஞ்சம் சின்னதாக. அதற்குப் பின்னால் அம்மா, மடியில் ஒரு பலகை, பலகை மேல் வாக்குச்சீட்டு. என் அண்ணன் மகன் உதவி செய்யலாம் என்று கிட்டே போனான். மூத்த அலுவலர் சத்தம் போடாமல் கையை மட்டும் நீட்டித் தடுத்தார். "தம்பி, ஆயாவுக்குக் கண்ணு தெரியுதில்ல? அப்ப அவங்கதான் போடணும்." கண் தெரியாதவர்கள், தானே குறி போட முடியாதவர்களுக்கு மட்டும்தான் துணைக்கு ஆள்.

அம்மா பெயர்களின் மேல் விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "முத்திரை எங்கப்பா?" அவர் காகிதச் சீட்டில் கடைசியாகச் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டது தொண்ணூறுகளில். 2001 தேர்தலில் மாநிலம் முழுக்க இயந்திரம் வந்துவிட்டது. சீட்டு என்றால் மை தடவிய ரப்பர் முத்திரை என்பது அவர் நினைவில் அப்படியே இருந்தது. "முத்திரை இல்லீங்க ஆயா, இந்தப் பேனாவுல டிக் போட்டாப் போதும்" என்று அலுவலர் பேனாவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோட்டத்தில் காய்த்திருந்த தக்காளியைப் பார்த்து நின்றார். வீடியோ எடுத்த பையனையும் அந்தப் பக்கமிருந்து எடுக்கச் சொன்னார். யார் பெயருக்கு டிக் விழுந்தது என்பது அந்த வீட்டில் எங்களுக்கும் தெரியாது, இன்று வரைக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்னும் உன்னிப்பாகக் கவனித்தேன். சீட்டை மடித்துச் சின்ன உறைக்குள் போட்டு ஒட்டினார்கள். உறுதிமொழிப் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட, அலுவலர் அங்கேயே சான்றளித்தார். இரண்டையும் சேர்த்துப் பெரிய உறைக்குள் வைத்து மூடினார்கள். இந்தச் சான்றொப்பம் சின்ன விஷயமாகத் தெரியலாம். திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் 2016 தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். அந்த எண்ணிக்கையில் 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். காரணம், அந்த உறுதிமொழிகளில் சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியருக்கு அதற்கான தகுதி இருக்கிறதா என்ற கேள்வி. வழக்கு நடந்து, 2019இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. ஒரு கையெழுத்துக்காக ஒரு தொகுதி ஐந்து வருஷமும் கோர்ட்டில் நின்ற கதை அது. 2021இல் சான்றளிக்கும் அலுவலரே வீட்டுக்கு வந்து கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுவிட்டதால், எங்கள் அம்மாவின் ஓட்டுக்கு அந்தச் சந்தேகம் எழ வழியில்லை.

வீட்டு ஓட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. குறையே இல்லையா என்றால் ஒன்று உண்டு, பின்னால் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் விதியைத் திருத்தி வயதை 80இலிருந்து 85ஆக ஏற்றிவிட்டார்கள். எண்பது முதல் எண்பத்து நாலு வரைக்கும் உள்ளவர்கள் முழங்கால் எப்படி இருந்தாலும் சாவடிக்குத்தான் போகவேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் 40 சதவீதம் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு எந்தக் கிராமத்துக் கிழவி சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறாள்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சேவையைச் சுருக்கியது எனக்கு வருத்தம். வயதை மறுபடி எண்பதுக்கே கொண்டுவர வேண்டும்.

ஊர்ச் சாவடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றிய நடுநிலைப் பள்ளி, வேப்பமர நிழல், காலை ஏழுக்கே வரிசை. அது ஒழுங்காக நடப்பதற்குக் காரணம் பட்டியல். அங்கன்வாடி டீச்சருக்கு எந்த வீட்டில் யார் செத்தார், எந்தப் பெண் எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்துப் போனாள், எந்தப் பையனுக்குப் பதினெட்டு முடிந்தது என்பதெல்லாம் அத்துப்படி. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள், ஓசூர் கம்பெனிகளில் இருப்பவர்கள், திருப்பூர்ப் பனியனுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் பெயர் ஊரில்தான். ஓட்டுக்கு முந்தின ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார்கள். அதே மாவட்டத்தில் கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாததால் இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்கு அலுவலர்கள் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தே ஏறினார்கள். சில நூறு ஓட்டுக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்த நாட்டின் மேல் மரியாதை வருவதே இந்த இடத்தில்தான்.

இனி சென்னை.

சாவடிக்குள் நடக்கிற சேவைக்கு நான் நாலு கொடுப்பேன். 2021 கொரோனா காலம். கூட்டத்தைக் குறைக்க ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று பிரித்ததில் மாநிலம் முழுக்க 88,937 சாவடிகள். நேரமும் ஒரு மணி நீட்டி இரவு 7 வரைக்கும். நான் போன பள்ளியில் வாசலில் வெப்பமானி, கைகழுவும் திரவம், வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, தரையில் சுண்ணாம்பு வட்டங்கள். முதல் அலுவலர் என் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பூத் ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது மேஜையில் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை. மூன்றாவது மேஜையில் இருந்தவர் கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தியதும் உள்ளே போனேன். பொத்தானை அழுத்தினேன், ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குள் ஏழு நொடி தெரிந்தது, விழுந்தது, நீளமாக ஒரு பீப். வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்தால் ஒரு பில்டர் காபி குடித்து முடிக்கிற நேரம்தான் ஆயிற்று.

ஐந்தில் ஒன்றைக் குறைத்தது சாய்தளத்துக்காக. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கேயும் இருந்தது. பலகையைப் படிக்கட்டு மேல் சாய்த்து வைத்திருந்தார்கள், ஏணி நிற்கிற சரிவில். ஒரு பெரியவரை நாற்காலியோடு ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. பாதியில் அவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு "விடுங்கப்பா, நான் இறங்கிடறேன்" என்றார். தன்னார்வலராக நின்ற கல்லூரிப் பெண்தான் அவர் பக்கத்தில் குனிந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே மேலே கொண்டுபோய்ச் சேர்த்தாள். சாய்தளம் இருக்கிறதா என்று கேட்டுப் பட்டியலில் டிக் அடிப்பவர்கள், ஒரு முறை நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்துவிட்டு டிக் அடிக்கலாம்.

இதை விடவும் பெரிய சிக்கல் சாவடிக்கு வெளியே, பட்டியலில். சென்னையில் அந்தச் சேவைக்கு நான் கொடுப்பது ஒன்று. நாலும் ஒன்றும் சேர்த்துச் சராசரி இரண்டரை.

தேர்தலுக்கு முந்தின வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் எங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரான ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் பூத் சிலிப் கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு. உள்ளே விடக் காவலாளிக்கு உத்தரவு இல்லை. "ஒவ்வொரு பிளாட்டுக்கும் போன் போட்டுக் கேக்கணும் மேடம், யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார் காவலாளி. அவர் மேலும் தப்பில்லை. நான் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து மோட்டார் அறைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு அவர் கட்டைப் பிரித்தார்.

"மேடம், இந்தப் பேர்ல ஏ-பிளாக்ல யாராவது இருக்காங்களா?"

"அவங்க காலி பண்ணிட்டுப் போய் ரொம்ப நாள் ஆச்சும்மா."

"இது?"

"அவர் தவறிட்டார். வீட்டம்மா அமெரிக்காவுல பையன்கிட்ட."

"இந்த மூணு பேர்?"

"கேள்விப்பட்டதே இல்லை."

கட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான் போயிற்று. இன்னொரு பக்கம், எதிர் வீட்டில் குடியிருக்கும் தம்பதி வந்து எங்கள் சிலிப் இருக்கிறதா என்றால் இல்லை. அவர்களுக்கு ஓட்டு மூன்று வீடு முந்தி இருந்த பகுதியில். வீட்டு எண்ணிலும் சிக்கல்: பட்டியலில் பழைய எண், கதவில் புதிய எண், குடியிருப்புக்குள் பிளாட் எண், மூன்றும் மூன்று. ஒரே குடும்பத்தில் அப்பா பட்டியலின் ஒரு பாகத்தில், மகள் வேறொரு பாகத்தில், இரண்டு வெவ்வேறு பள்ளிகளில் வரிசை.

இது அந்த அம்மாவின் குறை என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். அவருக்கு வேறு முழுநேர வேலை உண்டு. இதற்காக ஆண்டுக்கு 6,000 ரூபாய்தான் குறைந்தபட்ச மதிப்பூதியம். 2025இல்தான் அதை 12,000 ஆக்கினார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு, பதினொரு மாத ஒப்பந்தத்தில் மாறிக்கொண்டே இருக்கும் ஆயிரம் பேரைப் பின்தொடரச் சொல்கிறோம். என் ஊர் டீச்சர் தெருவில் நடந்தாலே பட்டியல் சரியாகிவிடும். இந்த அம்மா ஒவ்வொரு இரும்பு கேட்டிலும் கெஞ்ச வேண்டும்.

இப்போது அந்த 59 சதவீதத்துக்கு வருவோம். 2021இல் சென்னை மாவட்டப் பட்டியலில் சுமார் 40 லட்சம் பெயர்கள். அதில் 59 சதவீதம் என்றால் ஏறத்தாழ 24 லட்சம் ஓட்டு. 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்., வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்ப்பது) தொடங்கியபோதும் சென்னையில் 40 லட்சம் பெயர்களே. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. சென்னையில் 14.25 லட்சம் பெயர்கள் இல்லை. மிச்சம் 25.79 லட்சம். மாநிலம் முழுக்க நீங்கிய பெயர்கள் 97.37 லட்சம். அதில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம், இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் 66 லட்சத்துக்கு மேல், இரட்டைப் பதிவு சுமார் 3.4 லட்சம்.

24 லட்சத்தை 25.79ஆல் வகுத்துவிட்டு, பார்த்தீர்களா, சென்னைக்காரன் எல்லாம் ஓட்டுப் போட்டிருக்கிறான் என்று நான் சொல்லப் போவதில்லை. இடையில் நாலரை வருஷம் ஓடியிருக்கிறது. வரைவிலிருந்து நீங்கியவர்களில் உயிரோடு அங்கேயே குடியிருப்பவர்களும் இருந்தார்கள். அவர்கள் மறுபடி பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுக்க வேண்டிவந்தது. சோம்பலால் வராதவர்களும் சென்னையில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாவட்டத்தின் பட்டியலில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஆள் இல்லாத பெயராகவோ, ஆளைக் கண்டுபிடிக்க முடியாத பெயராகவோ இருந்தால், சதவீதம் கீழே போவதற்கு மகாபலிபுரம் காரணமாக இருக்க முடியாது. வீடு மாறிப் போனவரின் பெயர் வில்லிவாக்கத்தில் ஓட்டுப் போடாதவராக நிற்கிறது. அவர் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓட்டே இல்லாமல் இருக்கலாம். அல்லது ஊருக்குப் பஸ் ஏறிப் பாலக்கோட்டின் 87ஐ ஏற்றியிருக்கலாம். மாவட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறவர்கள் இந்தப் போக்குவரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பட்டியல் வேலையை வருஷம் முழுக்கச் செய்யாமல் விட்டுவிட்டு ஒரே மூச்சில் செய்ததில் எனக்கு உடன்பாடில்லை. இதற்கு முன் இப்படி வீடு வீடாகத் தீவிரத் திருத்தம் நடந்தது 2002லும் 2005லும். இருபது வருஷ அழுக்கைச் சில வாரத்தில் தேய்த்தால் தோலும் உரியும். வீட்டு வேலை செய்கிறவர்கள், ராத்திரி ஷிப்ட் போகிறவர்கள், கூட்டாக அறை எடுத்துத் தங்கும் பையன்கள், இவர்களைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் தளத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண் அதே தெருப் பின்புறத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிறார், வரைவில் அவர் பெயர் இல்லை. அவரோடு உட்கார்ந்து படிவம் 6ஐ நான்தான் நிரப்பினேன். மகளின் போனில் படம் எடுத்து ஏற்றினோம்.

ஒரு பெயர் இருப்பதும் இல்லாததும் முடிவை மாற்றுமா என்பவர்களுக்கு, 2021இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370. தியாகராய நகரில் ஒரு நீளமான தெருவில் காலி செய்துவிட்டுப் போனவர்களை எண்ணினாலே 137 வந்துவிடும்.

அடையாள அட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வாசலில் கொடுக்கும் சிலிப்பில் 2021இலிருந்து போட்டோ கிடையாது, கியூஆர் குறியீடுதான். அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் இப்படி ஏற்கப்படும் ஆவணங்கள் உண்டு. அந்தப் பட்டியலில் ரேஷன் ஸ்மார்ட் கார்டு இல்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதையே நீட்டிப் பழகிவிட்டோம். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா அதைத்தான் கொண்டுவந்திருந்தார். வெயிலில் திரும்பி வீட்டுக்குப் போய் ஆதாரோடு வந்தார். சிலிப்பின் முன்பக்கமே கொட்டை எழுத்தில் இதைப் போட்டால் பல பேருக்கு ஒரு நடை மிச்சம்.

இணைய வழிச் சேவை முன்பை விட எவ்வளவோ மேல். வாக்காளர் அட்டை எண்ணைத் தட்டினால் தொகுதி, பாகம், வரிசை எண், எந்தப் பள்ளி, எந்த அறை என்பது வரை வருகிறது. 2022 ஆகஸ்டுக்குப் பிறகு முகவரி மாற்றத்துக்கு ஒரே படிவம், படிவம் 8. தொகுதி மாறினாலும் அதுவே. அதற்கு முன் தொகுதிக்குள் மாறினால் ஒன்று, தொகுதி விட்டு மாறினால் வேறொன்று என்று ஜனங்கள் தடுமாறினார்கள். பதினெட்டு முடிந்தவர்கள் ஜனவரி 1 மட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் தகுதி நாளே. இவை எல்லாம் நல்ல மாற்றங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு முகவரிச் சான்று மட்டும் இன்னும் இடிக்கிறது. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். சென்னையில் எத்தனை வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தருகிறார்? ஆதாரில் முகவரி மாற்று, அல்லது கேஸ் இணைப்பை உன் பெயரில் வாங்கு என்று சுற்றி வரவேண்டும். குடியிருப்புச் சங்கம் கொடுக்கும் கடிதத்தையும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் பார்த்து எழுதும் குறிப்பையும் தயக்கமில்லாமல் ஏற்றாலே பாதி வேலை முடியும்.

வரைவு வந்த பிறகு எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். வாடகைக்காரர் பேச்சு என்று யாரும் ஒதுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கூப்பிட்டு, தபால் பெட்டிகள் இருக்கும் இடத்தில் மேஜை நாற்காலி போட்டுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. லிப்டில் நோட்டீஸ் ஒட்டினோம். பக்கத்துத் தெருவில் சங்கம் இல்லாத வீடுகளுக்கும், பின்புறத்தில் ஓடு வேய்ந்த வீடுகளுக்கும் சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு காலையில் பழைய பெயர்களுக்கு எதிரே பென்சிலால் குறிப்பு, புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் படிவம் 8, கல்லூரி போகும் பிள்ளைகளுக்குப் படிவம் 6 என்று வேலை ஓடியது. எதிர் வீட்டுத் தம்பதி, மூன்று வீடு முந்தின முகவரியிலிருந்து இந்த முகவரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதைச் செய்ய யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. வாக்காளர் சேவை இணையதளத்தில் உங்கள் அட்டை எண்ணைப் போட்டால் உங்கள் பாகத்தின் அலுவலர் யார் என்று வரும், அவரிடமிருந்து அழைப்பு கேட்டும் பதியலாம். இல்லாவிட்டால் 1950க்குப் போன் செய்து பாக எண்ணைச் சொன்னால் போதும். வருவதற்கு முன் காவலாளியிடம் அவர் பெயரைச் சொல்லி வையுங்கள். வெயில் நேரமாக இருந்தால் மேஜையை மின்விசிறிக்குக் கீழே போடுங்கள்.